நான்கு விரற்கடை

நான்கு விரற்கடைத் துணி! அதற்கு என்ன விலை இருக்கும்? துணிக்கடைக்காரரைக் கேட்டால், அவ்வளவு சிறிதாகக் கிழித்துத் தருவதில்லை என்பார். தையற்காரரைக் கேட்டால், காலடியில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளைக் காட்டி, வேண்டுமட்டும் அள்ளிக்கொள் என்பார். விலையே இல்லாத பொருள்! ஆனால், தோழர்களே, அந்த நான்கு விரற்கடைத் துணி இல்லாமற் போனதற்காக ஒரு சிறுவன் தன் படிப்பையே விலையாகக் கொடுக்க இருந்தான். விலையைக் குறித்தவன் ஆண்டவன் என்பான் ஏமாந்தவன்; தலைவிதி என்பான் சோம்பேறி. இரண்டும் பொய். விலையைக் குறித்தது ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் சிறுவர்கள். கேட்டுச் சிரித்தவர்கள் நாம்.

ஆம், நாமேதான்! பகுத்தறிவு பேசும் நாம். தன்மானம் பேசும் நாம். கையில் சுண்ணக்கட்டியுடன் கரும்பலகைக்கு முன் நின்றிருந்த நாம்!

போளூரிலிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏற ஏற வெயில் தணிகிறது, காற்று குளிர்கிறது, சாமை விளையும் சரிவுகளும் புளியமரங்களும் பலாமரங்களும் தென்படுகின்றன. சவ்வாது மலையின் நடுவே ஜமுனாமரத்தூர். மலையாளி என்பது இங்குள்ள பழங்குடி மக்களின் பெயர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர். மலையை ஆளுவோர் என்பதாற் பெற்ற பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவரும் வரலாறு. மலையை ஆளுவோர் என்று பெயர்! ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குத் தன் கணுக்காலை மறைக்கும் அளவுக்குத் துணி இல்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வந்து நின்றான். சென்ற ஆண்டு நம் தோளுக்குக் கீழே நின்றவன், இப்போது காதளவு வளர்ந்திருந்தான். அவன் வளர்ந்தான், அவன் கால்சட்டை வளரவில்லை. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை ஏறி நின்றது அது. கீழ் விளிம்பில் கருநிறத்தில் ஒரு பட்டை. உள்ளே மடித்துத் தைத்திருந்த பகுதியை அவன் தாய் பிரித்துவிட்டிருக்கிறார். மற்ற பகுதி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்துவிட்டது. மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் புதுத்துணியின் நிறம் மாறாமல் இருந்தது. ஒரு தாய் தன் மகனுக்காகச் செய்யக்கூடிய அனைத்தையும் செய்துவிட்டார் என்பதற்கு அந்தப் பட்டையே சான்று.

வகுப்பு என்ன செய்தது? ஒருவன் கேட்டான்: “ஏன்டா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா?” மற்றொருவன்: “முக்கா பேண்ட்டு!” மூன்றாமவன் அந்தப் பட்டையைக் காட்டி: “கரை வேட்டிடா!” வகுப்பே குலுங்கியது. நாமும், கண்டிப்பதற்கு முன்னால், உதட்டோரம் சிரித்துவிட்டோம். ஒரு நொடிச் சிரிப்புத்தான். பையன் அந்த நொடியில் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாலை அவன் ஊருக்கு நடந்தோம். வழியிலேயே கண்டோம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். கட்டியிருந்தது அப்பனுடைய பழைய கைலி. அவன் தாய் நம்மைக் கண்டு பதறிப்போனார். “துணிக்கு என்ன சார், வர்ற மாசம் அவங்கப்பா கூலி வந்ததும் எடுத்துடலாம்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்களாம்” என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்ல முடியவில்லை. ‘எல்லாரும்’ என்ற அந்தச் சொல்லில் நாமும் அடங்கியிருந்தோம்.

இரவு தூக்கம் வரவில்லை. எண்ணிப் பார்த்தோம். குட்டையான கால்சட்டைக்கு எத்தனை எத்தனை பெயர்! அரை டவுசர், முக்கால் பேண்ட், தூக்குப் பேண்ட்! தமிழ் கணக்குத் தெரிந்த மொழி. கால் என்றால் நடக்கும் உறுப்பு. கால் என்றால் நான்கில் ஒரு பங்கு. முக்கால் என்றால் நான்கில் மூன்று பங்கு. மீதிக் கால் எங்கே போயிற்று? அந்தக் கால் பங்குத் துணியைத் தின்றவன் யார்? அதைக் கேட்பவன் இல்லை. கணக்கு வாத்தியாரும் கேட்கவில்லை, தமிழய்யாவும் கேட்கவில்லை. குறைந்தது எவ்வளவு என்று அளந்து சிரிக்கிறோம். குறைந்தது ஏன் என்று கேட்க நமக்கு நாவெழவில்லை.

நம் நாட்டில் மட்டுமா இந்தக் கேலி? உலகத்தைச் சுற்றிப் பாருங்கள். ஜெர்மானியர் இத்தகைய ஆடைக்கு இட்ட பெயர் ‘வெள்ளக் கால்சட்டை’. அமெரிக்கர்களும் அதே பொருளில், ‘உயர்ந்த நீர்’ என்றும் ‘வெள்ளம்’ என்றும் சொல்லுகிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் சில, ‘குட்டை தாண்டி’ என்கின்றன. ஆங்கிலேயர், துக்கத்துக்காக அரைக் கம்பத்தில் பறக்கும் கொடிக்கு ஒப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் மட்டும் தண்ணீரை விட்டு நெருப்புக்குப் போகிறார்கள்: ‘தரையில் தீப்பற்றிக்கொண்டதா?’ என்பது அவர்கள் கேலி. மொழிகள் வேறு; கடல்கள் வேறு; கேலி ஒன்று! தண்ணீர் வந்துவிட்டதா, தண்ணீர் வந்துவிட்டதா என்று உலகமே ஏழையின் காலைப் பார்த்துக் கேட்கிறது.

வந்துவிட்டது, ஐயா, வந்துவிட்டது! தண்ணீர் வருவது யார் வீட்டில்? 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் குடிசை போட்டிருந்தவன் வீட்டில் வரவில்லையா? நாற்றங்காலில் முழங்கால் அளவு சேற்றில் நிற்பவர் யார்? சாக்கடைக்குள் இறக்கப்பட்டு மூச்சடைத்துச் சாவோர் யார்? தண்ணீரில் நிற்பதையே வாழ்வாகக் கொண்டவனைப் பார்த்து, தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிறது தரையில் நிற்கும் கூட்டம். அவன் ஆடையை மேலே தூக்கிக் கட்டியதால் அல்லவா உன் இலையில் சோறு விழுந்தது? அவன் கணுக்கால் தெரிந்ததால் அல்லவா உன் கால் நனையாமல் இருக்கிறது?

‘இது என்ன பெரிய செய்தி? சாதி ஒழிப்பு இருக்கிறது, மொழிப் பிரச்சினை இருக்கிறது, சமூக நீதி இருக்கிறது. கால்சட்டைக்கு ஒரு கட்டுரையா?’ என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவர்களுக்கு ஒரு பழைய பட்டியலைக் காட்டுகிறோம்.

1930 டிசம்பர். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம். ஆதிதிராவிட மக்களுக்கு ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதி அமைப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடை, பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. இரண்டாவது தடை என்ன தெரியுமா? ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது! அடுத்து, சட்டையோ பனியனோ கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. கேட்க மறுத்தவர்களின் குடிசைகள் எரிந்தன.

அதோடு நின்றார்களா? ஆறே மாதம். 1931 ஜூனில் எட்டுத் தடைகள் பதினொன்று ஆயின. இம்முறை முழங்கால் முதலிடத்துக்கு வந்தது: முழங்காலுக்குக் கீழே உடுத்தாதே என்பதே முதல் தடை! நான்காம் தடையைக் கேளுங்கள்: அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. ஐந்தாம் தடை: பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்கவேண்டும்.

முதலில் முழங்கால், நான்காவது புத்தகம், ஐந்தாவது மாடு! தோழர்களே, வரிசையைப் பாருங்கள். நம் பகைவர்களுக்கு முழங்கால் சிறிய செய்தியாகப் படவில்லை. காலை அளந்தவன்தான் அடுத்து ஏட்டைப் பிடுங்கினான். ஏட்டைப் பிடுங்கியவன்தான் மேய்ச்சல் கோலைக் கையிலே திணித்தான். அன்று அதற்கு ஊர்க்கூட்டமும் தீப்பந்தமும் வேண்டியிருந்தன. இன்று? ஒரு வகுப்பறையும் ஒரு சிரிப்பும் போதும்! மூன்றே நாளில் நம் மாணவன் முழங்காலிலிருந்து புத்தகத்தையும், புத்தகத்திலிருந்து மேய்ச்சலையும் கடந்துவிட்டான். அன்று தடை போட்டவர்களுக்குக் கிடைக்காத வசதி இது: கட்டளை இடுவோர் இல்லை, காவல் நிற்போர் இல்லை, வழக்குத் தொடர ஒரு குற்றவாளியும் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஆடையின் அளவு என்பது எந்நாளும் ஆளின் அளவாகவே இருந்துவந்திருக்கிறது. வேட்டி தரையைக் கூட்டினால் பண்ணையார். முழங்காலைத் தாண்டினால் பண்ணையாளுக்கு அடி! தெற்கே திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டுப் போராடிய தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டு நடந்தது. 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. தோளிலே போட்ட துண்டை எடு என்று செட்டிநாட்டுத் திருமண வீட்டில் நாகசுரக் கலைஞரை மிரட்டியபோது, எடுக்காதே, வாசி என்று எழுந்து நின்றாரே பட்டுக்கோட்டை அழகிரி, அவர் வெறும் துணித்துண்டுக்காகவா வாதாடினார்? வெள்ளைக்காரன் ஆட்சியில் காவலருக்கு அரைக்கால் சட்டை. அவருக்கு மேலே இருந்த அதிகாரிக்கு முழுக்கால் சட்டை. எவன் எவனை வணங்கவேண்டும் என்பதை முழங்காலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்!

குட்டையாக இருப்பதே இழிவா? அளவில்தான் தாழ்வு இருக்கிறதா? வரலாறு இதற்கும் விடை சொல்லுகிறது. பிரெஞ்சு நாட்டுக்கு வாருங்கள். 1789 மே திங்கள். வெர்சேல்சில் மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகளும் கூடுகிறார்கள். பிரபுக்களுக்குப் பொன்சரிகையும் இறகுத் தொப்பியும். மூன்றாம் வகுப்பாருக்கு விதிக்கப்பட்ட உடை என்ன? எளிய கருப்பு! ஒதுக்கிவைக்கக் கொடுத்த நிறம் கருப்பு. அதையே ஒற்றுமையின் நிறமாக ஆக்கிக்கொண்டார்கள் அவர்கள். கருப்பின் கதை நமக்குப் புதிதன்று.

அந்தப் பிரபுக்கள் காலில் என்ன அணிந்தார்கள்? முழங்காலோடு நிற்கும் குட்டைக் கால்சட்டை. கீழே பட்டுக் காலுறை. முழு நீளக் கால்சட்டை அணிந்தவன் யார்? தச்சன், கொல்லன், சுமைகூலி! ‘குட்டைக் கால்சட்டை இல்லாதவர்கள்’ என்று அவர்களை ஏளனம் செய்தது மேட்டுக்குடி. ஏளனப் பெயரையே அவர்கள் கொடியாக்கினார்கள். 1792 ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிசு அரண்மனையை முற்றுகையிட்டு மன்னராட்சியை வீழ்த்திய கூட்டத்தில் முன்னே நின்றவர்கள் அந்த நீளக் கால்சட்டைக்காரர்கள். 1793 அக்டோபர் 29ஆம் நாள், எந்தக் குடிமகனையும் குடிமகளையும் இன்ன விதமாக உடுத்து என்று கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்று புரட்சிப் பேரவை ஆணை பிறப்பித்தது.

கவனித்தீர்களா? அங்கே குட்டை உயர்வு, நீளம் தாழ்வு. இங்கே நீளம் உயர்வு, குட்டை தாழ்வு. துணியின் நீளத்தில் பொருளில்லை. ஏழை எதை அணிகிறானோ அதுவே இழிவு! அவன் நீளமாக அணிந்தால் நீளம் இழிவு. குட்டையாக அணிந்தால் குட்டை இழிவு. அளவுகோல் துணிக்கு என்று எண்ணி ஏமாறுகிறோம், அளவுகோல் ஆளுக்கு!

ஐயமிருந்தால் சென்னைக்குப் போய்ப் பளபளக்கும் அங்காடிகளில் நுழைந்து பாருங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்லுகிறார்கள். நாகரிகமாம்! 1983இல் மைக்கேல் ஜாக்சன் கணுக்கால் தெரியும் கால்சட்டையும் வெள்ளைக் காலுறையுமாக மேடையில் வழுக்கி ஆடியபோது, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று எவரும் கேட்கவில்லை. உலகமே காலைப் பார்த்துக் கைதட்டியது. விலை கொடுத்துக் குறைத்தால் நாகரிகம்; வளர்ந்ததால் குறைந்தால் நகைப்பு! பணக்காரப் பிள்ளைக்கு நான்கு விரற்கடை வெட்டித் தைக்கத் தையற்காரருக்குக் கூலி. ஏழைப் பிள்ளைக்கு அதே நான்கு விரற்கடைக்காக ஊர் முழுவதும் பட்டப்பெயர்!

‘நகைச்சுவையே கூடாதா? சிரிப்பால் வளர்ந்த இயக்கம் அல்லவா நம்முடையது?’ என்பது அடுத்த கேள்வி. சிரிப்பால் வளர்ந்ததுதான், மறுக்கவில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தார், நடிகவேள் எம்.ஆர். இராதா சிரிக்க வைத்தார். எவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள்? போலிச் சாமியாரைப் பார்த்து. பூசாரியின் புளுகைப் பார்த்து. பிறப்பால் உயர்ந்தவன் நான் என்று மார்தட்டியவனைப் பார்த்து. அந்தச் சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கி வீசிய கல். கோபுரத்தின் உச்சியிலிருந்து குடிசையின் மேல் போட்டாலும் அது கல்தான்; ஆனால் அதைப் போட்டவனை வீரன் என்று எவரும் சொல்லமாட்டார்.

இன்னும் ஒன்று, இது கசப்பானது, ஆயினும் சொல்லவேண்டும். நம் மேடைகளில் நாம் என்ன செய்தோம்? காக்கி அரைக்கால் சட்டை அணிந்த ஆர்.எஸ்.எஸ். அமைப்பினரைப் பார்த்து, ‘அரை டவுசர்’ என்று ஆயிரம் முறை நையாண்டி செய்தோம். கைதட்டல் கிடைத்தது. 2016இல் அவர்கள் பழுப்பு நிற முழுக்கால் சட்டைக்கு மாறிக்கொண்டார்கள். இப்போது நம் நையாண்டி எங்கே நிற்கிறது? துணி வளர்ந்துவிட்டது, கொள்கை மாறிவிட்டதா? நாம் எதிர்க்கவேண்டியது அவர்கள் தலைக்குள் இருக்கும் கருத்தை. நாம் கேலி செய்ததோ அவர்கள் தொடைக்குக் கீழே இருந்த துணியை. கருத்தோடு மோதச் சோம்பியவன் கால்சட்டையோடு மோதுகிறான். அந்தச் சோம்பலின் பயன் என்ன? ‘அரை டவுசர்’ என்பது இழிசொல் என்று மேடைக்கு முன் தரையில் உட்கார்ந்திருந்த சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அவர்கள் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இருந்த ஏழைப் பையன்மீது எறிந்துவிட்டார்கள். எய்தவர் நாம், அம்பை நோவதில் பயனில்லை.

‘கரை வேட்டி’ என்று அவன் கால்சட்டையின் பட்டையைக் கேலி செய்தார்களே, அதை எண்ணும்போது நமக்கு நாணமே மேலிடுகிறது. தலைவர்கள் கட்டும் கரை வேட்டிக்கு ஊரே எழுந்து நிற்கிறது. ஒரு தாய், மண்ணெண்ணெய் விளக்கோ மின்விளக்கோ, ஏதோ ஓர் ஒளியில் உட்கார்ந்து, தையலைப் பிரித்து, மகனுக்காக உண்டாக்கிய கரைக்கு மட்டும் மதிப்பில்லையா?

அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது, மறைப்பது நேர்மையன்று. காமராசர் ஆட்சியில் பகலுணவு வந்தது. பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்மக்கள் தாமே முன்வந்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று எட்டாம் வகுப்பு வரை சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை விலையின்றிக் கிடைக்கிறது. துணியை நெய்வோர் கூட்டுறவு நெசவாளர். தைப்போர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்தார். செல்வன் மகனும் ஏழை மகனும் ஒரே நிறம் உடுத்தவேண்டும் என்ற அந்த எண்ணம் சமத்துவத்தின் சிறு விதை. அதைப் போற்றுகிறோம்.

ஆனால் ஒரே நிறம் என்பது ஒரே அளவாகிவிடுமா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன் மூங்கிற்குருத்துப் போல் வளர்கிறான். ஆடைக்கு அளவு எடுத்த நாளும் ஆடையை உடுத்தும் நாளும் ஒன்றல்ல. வசதியுள்ள வீட்டில், குறைந்தவுடன் வேறு வாங்குகிறார்கள். வசதியற்ற வீட்டுத் தாய்மார் தையற்காரரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் தமிழ்நாடு முழுவதும் ஒன்றே: ‘வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே தைங்க!’ முதல் ஆண்டு கால்சட்டை தொளதொள. இரண்டாம் ஆண்டு சரி. மூன்றாம் ஆண்டு குட்டை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூன்றில் ஓர் ஆண்டு மட்டுமே அளவான ஆடை! மற்ற இரண்டு ஆண்டும் சிரிப்பவர்களுக்குத் தீனி. இதுதான் ‘முக்கால் பேண்ட்’டின் பொருளாதாரம். இதைப் பாடநூலில் எழுதமாட்டார்கள். பையனின் காலில் எழுதியிருக்கிறது.

பெண் பிள்ளையின் நிலை இன்னும் கொடிது. அவள் பாவாடை குறைந்தால் கேலியோடு நிற்பதில்லை; கண்கள் துரத்துகின்றன. ‘வயசுக்கு வந்த பொண்ணு’ என்று வீட்டார் அஞ்சுகிறார்கள், படிப்பை நிறுத்துகிறார்கள். தவறு செய்தது தெருவின் கண். தண்டனை பெறுவது அவள் புத்தகப்பை! பையனை விரட்டுவது சிரிப்பு. பெண்ணை விரட்டுவது பார்வை. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றே: உடுப்பைக் கொண்டு ஆளை எடைபோடும் மடமை.

வகுப்பறைக்குள் அடையாளங்கள் நுழைவதைப் பற்றி நாடு பேசத் தொடங்கியிருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவர் உடன்படிக்கும் மாணவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்றது. நன்று! கயிற்றை அறுத்துவிடலாம். கணுக்காலுக்கு மேலே ஏறிய கால்சட்டையை எப்படி அறுப்பது? அதுவும் ஓர் அடையாளந்தான். அணிந்தவன் விரும்பி அணியாத அடையாளம். வேட்டி கட்டியவரை உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன மனமகிழ் மன்றங்களைத் திருத்த 2014இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டமே செய்தது. சான்றோரின் வேட்டிக்கு இழுக்கு நேர்ந்தபோது சட்டம் விரைந்து வந்தது. சவ்வாது மலைச் சிறுவனின் கால்சட்டைக்கு எந்தச் சட்டம் வரும்? சொல்லைத் தண்டிக்கச் சட்டத்தால் இயலாது. அதை மனிதர்கள்தாம் செய்யவேண்டும்.

இந்த மலையில், ஜமுனாமரத்தூருக்குத் தொலைவில்லாத காவலூரில், வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் இரவெல்லாம் விழித்திருந்து, எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களைப் பார்க்கிறது. அறிவியலின் வெற்றி அது, நமக்குப் பெருமை. அதே மலையில், கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் பையனின் கண்ணில் திரண்ட நீரைப் பார்க்க நமக்குக் கண்ணில்லை. தொலைநோக்கி இருக்கிறது, அருகே நோக்கி இல்லை!

நான்காம் நாள் காலை நாம் ஒன்று செய்தோம். பெரிய வீரம் ஒன்றுமில்லை. நம் கால்சட்டையின் இரு கால்களையும் நான்கு விரற்கடை மேலே மடித்து ஊசி போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தோம். பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். பலர் சிரித்தார்கள். ‘நன்றாகச் சிரியுங்கள்’ என்றோம். சிரிப்பு அடங்கியது. அன்று பாடநூலைத் திறக்கவில்லை. இராமநாதபுரத்துத் தடைகளையும் பாரிசின் நீளக் கால்சட்டைக்காரர்களையும் பற்றிச் சொன்னோம். முதலில் முழங்கால், நான்காவது புத்தகம், ஐந்தாவது மாடு என்று கரும்பலகையில் எழுதினோம். ‘ஆத்துல தண்ணி’ என்று முதலில் கேட்டவன் எழுந்து நின்றான். ‘எங்கப்பாவும் சின்ன வயசுல கோவணந்தான் சார் கட்டுவாராம்’ என்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. அன்று மாலை நான்கு பேர் சேர்ந்து ஆட்டுமந்தை இருந்த சரிவுக்குப் போனார்கள். ஐந்து பேராகத் திரும்பினார்கள்.

அவன் வந்துவிட்டான். ஆனால் ‘வந்துவிட்டான்’ என்று எழுதிவிட்டு மகிழ்ந்திருக்க நமக்கு உரிமையில்லை. வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். சென்ற ஆண்டும் அதற்கு முன் ஆண்டும் பாதியில் நின்ற பெயர்கள் அங்கே இருக்கின்றன. எதிரே காரணம் என்ற இடத்தில், ‘வருவதில்லை’ என்று நம் கையெழுத்தே இருக்கிறது. ஏன் வருவதில்லை என்று நாம் நடந்துபோய்க் கேட்டதில்லை. அவர்களில் எத்தனை பேரை வறுமை விரட்டியது, எத்தனை பேரை நம் சிரிப்பு விரட்டியது என்பதை இனி எந்தப் பதிவேடும் சொல்லாது.

ஆகவே, இளைஞர்களே, சில வேண்டுகோள்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கு: மேசையில் சுண்ணக்கட்டியோடு ஊசியும் நூலும் இருக்கட்டும். பள்ளி திறக்கும் நாளில் புத்தகத்தை எண்ணுவதற்கு முன் பிள்ளைகளின் கணுக்கால்களைப் பாருங்கள். தனியே அழைத்து, பிறர் அறியாமல், வேண்டியதைச் செய்யுங்கள். வெளிச்சத்தில் கொடுத்தால் அது பிச்சையாகிவிடும். எந்தக் கேலிச் சொல் எழுந்தாலும் முதல் நொடியிலேயே நிறுத்துங்கள். உதட்டோரம் கூடச் சிரிக்காதீர். பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான்.

ஆட்சியாளர்க்கு: சீருடை தைக்கும்போது உள்மடிப்பில் நான்கு விரற்கடை கூடுதலாக விடச் செய்யுங்கள். ஆண்டுக்கு இருமுறை அளவெடுக்கச் சொல்லுங்கள். கோடிகள் வேண்டாம், வெட்டி எறியும் துண்டு போதும்.

மேடையேறும் தோழர்களுக்கு: எதிரியின் கொள்கையைக் கிழியுங்கள், கால்சட்டையை விட்டுவிடுங்கள். ‘அரை டவுசர்’, ‘கோவணாண்டி’, ‘காட்டான்’ என்ற சொற்கள் உங்கள் நாவிலிருந்து இன்றோடு ஒழியட்டும். கோவணம் கட்டியவனைக் கேலி செய்து சமதர்மம் பேச முடியாது. காட்டில் வாழ்பவனை இழித்துரைத்துத் தன்மானம் பேச முடியாது.

இனி எங்கேனும் கணுக்காலுக்கு மேலே ஏறிய கால்சட்டையைக் காண்பீரானால் சிரிக்குமுன் ஒன்றை நினையுங்கள். அங்கே குறைந்திருப்பது துணி; வளர்ந்திருப்பது பிள்ளை. வளர்ந்த பிள்ளையைக் கண்டு மகிழவேண்டிய நாட்டில், குறைந்த துணியைக் கண்டு சிரிக்கலாமா?